யாருடைய பேட்டை இது?

சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்தால், நிலையப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். ராயபுரம் தாண்டியதும் வண்ணாரப்பேட்டை. அடுத்தது கொருக்குப்பேட்டை. அதற்கடுத்தது தண்டையார்பேட்டை. வரிசையாக மூன்று பேட்டைகள். முதல் இரண்டிலும் பேட்டைக்கு முன்னால் ஒரு “ப்” உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழாசிரியர் யாராவது கூட வந்தால், அதைச் சிவப்பு மையால் சுழிக்கக் கை பரபரக்கும். சுழிக்கலாமா கூடாதா என்பது அத்தனை சுலபமான கேள்வி அல்ல.

ஆங்கிலத்தில் இதே தலைவலியைக் கொடுப்பது அப்பாஸ்ட்ரபி. காற்புள்ளி ஒன்று காலடியை விட்டுத் தலைமேல் ஏறிக்கொண்டது போன்ற சின்னக் குறி. “பீட்டர்’ஸ்” என்றால் பீட்டருடையது, “பீட்டர்ஸ்” என்றால் பல பீட்டர்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்கு மட்டுமே வேறுபாடு தெரியும். எழுத்துப் பிழைகளில் இதைப் போல் கேலிக்கு ஆளானது ஆங்கிலத்தில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

வடசென்னைக்கு இந்தக் குறியோடு என்ன உறவு என்று கேட்டால், ஊர்ப் பெயர்களைக் காட்ட வேண்டியதுதான். பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள பகுதியில் பல பெயர்கள் “யாருடையது?” என்ற கேள்விக்கான பதில்கள். ராயப்பருடைய புரம், வியாசருடைய பாடி, தொண்டியாருடைய பேட்டை, ஒரு வெள்ளைக்காரக் கவர்னருடைய பேட்டை. அந்த “உடைய” எங்கே போனது, எப்படித் தேய்ந்தது, இப்போது எந்தப் புள்ளியில் ஒளிந்திருக்கிறது என்று தேடினால் ஊரின் கதையே வெளியே வருகிறது.

ராயபுரத்திலிருந்தே தொடங்கலாம். துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு எட்டத்திலேயே நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் அலைமேல் ஏற்றி இறக்கியவை மசூலாப் படகுகள். அந்தப் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய தேவாலயம் ராயபுரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது செயின்ட் பீட்டர்’ஸ் சர்ச், குறியோடு. தமிழ்க் கத்தோலிக்கர் பேதுருவுக்கு வைத்த பழைய பெயர் இராயப்பர். சின்னப்பர், அருளப்பர் என்ற வரிசையில் வரும் பெயர் அது. அந்த இராயப்பரின் பெயரால்தான் ராயபுரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அப்படியானால் ஒரே புனிதர் அந்த ஒரே பேட்டையில் இரண்டு உடைமைகளோடு வாழ்கிறார். ஆலயத்தின் ஆங்கிலப் பெயரில் அவருடைய உரிமையைத் தலைக்கு மேல் ஒரு குறி காட்டிக்கொடுக்கிறது. ஊரின் தமிழ்ப் பெயரிலோ “ப்பர்” உதிர்ந்து, ராயர் யாரோ ஆண்ட ஊர் என்று வெளியூர்க்காரர் நினைக்கும் அளவுக்கு அவர் மறைந்துவிட்டார். 1856-இல் வாலாஜா சாலை வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். அந்த நிலையத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டிலும் பீட்டர் இல்லை.

பாரிமுனையின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே குறி போய்விட்டது, “ஸ்” மட்டும் தங்கிவிட்டது.

தாமஸ் பாரி என்ற வணிகர் 1788-இல் மதராஸுக்கு வந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிறுவனம் இருந்த தெருமுனை ஆங்கிலத்தில் பாரி’ஸ் கார்னர் ஆயிற்று. தமிழில் பாரிமுனை என்று அழகாக மாற்றினார்கள். வள்ளல் பாரியின் நினைவாக வைத்த பெயரோ என்று யாராவது மயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பஸ்ஸில் நடத்துநர் கூப்பிடுவது வேறு: “பாரீஸ், பாரீஸ்!” ஆங்கில உடைமை விகுதியே ஊர்ப் பெயரின் வாலாகிவிட்டது. “பாரீஸ்ல இறங்கி நட” என்று சொல்லும்போது, தமிழ் வேற்றுமை உருபு ஆங்கில வேற்றுமை உருபின் மேல் ஏறி உட்காருகிறது. பிரான்ஸ் நாட்டுத் தலைநகருக்கும் ஜார்ஜ் டவுன் தெருமுனைக்கும் ஒரே பெயர் வந்து சேர்ந்தது இந்த வழியில்தான். பக்கத்திலேயே இன்னொன்று. ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞரின் பெயரில் பாப்ஹாம்’ஸ் பிராட்வே என்று ஒரு தெரு இருந்தது. முதலில் குறியும் பெயரும் சேர்ந்து உதிர்ந்தன, பிராட்வே மட்டும் மிஞ்சியது. பிறகு அதையும் பிரகாசம் சாலை என்று மாற்றினார்கள். பஸ் நிலையத்துக்கு இன்னும் பிராட்வே என்றே பெயர்.

வடசென்னையில் உடைமை மறைந்ததற்கு இதைவிட நல்ல சான்று திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கிறது. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். திருவொற்றியூருக்குத் தெற்கே நெசவாளர்களைக் குடியமர்த்தி ஓர் ஊரை உண்டாக்கினார். காலெட் பேட்டை. காலெட்டுடைய பேட்டை. அந்த வெள்ளைக்காரப் பெயர் தமிழ் நாக்கில் நிற்கவில்லை. காலாடிப்பேட்டை ஆயிற்று, பிறகு காலடிப்பேட்டை ஆயிற்று. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் கவர்னருக்கும் முடிச்சுப் போடும் கதை ஒன்று ஊரில் உண்டு. கவர்னரிடம் வேலை பார்த்த பக்தர் ஒருவர் தினமும் காஞ்சிபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தாராம், அதில் வியந்த கவர்னர் இங்கேயே கோயில் எழுப்ப உதவினாராம். கதை எப்படியோ, பெயர் மட்டும் கெட்டி. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் நீண்டபோது காலடிப்பேட்டைக்கும் ஒரு நிலையம் வந்தது. அறிவிப்பைக் கேட்கும் பயணிகளில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு கவர்னரின் மேல் இறங்குவது தெரியும்?

விம்கோ நகரும் ஒரு வகையில் உடைமைப் பெயர்தான். திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலை வைத்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம் விம்கோ. ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து தமிழ்ச் சொல் போல ஒலிக்கத் தொடங்கியதும் யாருக்கும் குறி தேவைப்படவில்லை.

தண்டையார்பேட்டைக்கு வருவோம். இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சூஃபிக் கவிஞர் மஸ்தான் சாகிபு, பிற்காலத்தில் மதராஸின் வடபுறத்தில் வந்து தங்கினார். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் ஊர்க்காரர்கள் அவரைத் தொண்டியார் என்றார்கள். அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அது மருவித் தண்டையார்பேட்டை. அவருடைய தர்கா இன்றும் அங்கே இருக்கிறது.

இப்போது ஆங்கிலப் பலகையைப் பார்க்க வேண்டும். அதில் எழுதியிருப்பது தண்டையார் அல்ல. “டோண்டியார்பேட்” என்று வாசிக்கும்படி எழுதியிருக்கிறது. தமிழ் மறந்த தொண்டியை ஆங்கில எழுத்துக்கூட்டு மறக்கவில்லை! 2020-இல் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழும்பூர், பெரம்பூர், கோயம்புத்தூர் எல்லாம் புது உருவம் எடுத்தன. தண்டையார்பேட்டையும் அந்தப் பட்டியலில் இருந்தது. வேலூரையும் கோவையையும் நீட்டி எழுதிய விதத்தைப் பார்த்து ஊரே சிரிக்க, சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எல்லாரும் எழுத்து நீளத்தைப் பற்றிப் பேசினார்கள். தொண்டியாரைப் பற்றி அதிகம் பேசியவர் இல்லை. ஆணை நிலைத்திருந்தால், அவருடைய ஊரை நினைவூட்டும் கடைசி எழுத்தும் “திருத்தம்” என்ற பெயரில் அழிந்திருக்கும். ஊர்ப் பெயரில் திருத்தக் கை நீட்டுமுன் நூறு முறை யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சரி, அந்த “ப்” என்ன ஆயிற்று?

தமிழில் உடைமையைச் சொல்ல அப்பாஸ்ட்ரபி கிடையாது. ஆனால் குறியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. “உடைய”, “அது” என்ற உருபுகள் இருக்கின்றன. “இன்” என்ற சாரியை இருக்கிறது. பேச்சில் “ஓட” இருக்கிறது. காசிமேட்டு மீன் ஏலத்தில் கேட்பது “இது யாரோட போட்டு?” என்றுதான். சொல்லின் உருவமே மாறியும் உடைமை காட்டும்: வீடு “வீட்டு” ஆகும், ஆறு “ஆற்று” ஆகும், மரம் “மரத்து” ஆகும். இவை எதுவும் இல்லாமல் இரண்டு பெயர்கள் ஒட்டி நிற்கும்போது, நடுவே முளைக்கும் ஒற்றுதான் அந்த உறவைச் சொல்கிறது. தேருடைய சக்கரம் தேர்ச்சக்கரம். திருவொற்றியூர்ப் பக்கத்துச் சாத்தாங்காட்டைச் சாத்தன், காடு என்று பிரித்துப் பார்த்தால் “ன்” போய் “ங்” வந்திருப்பது தெரியும். சாத்தனுடைய காடு என்பதற்கு அந்த மூக்கொலிதான் மிச்ச அடையாளம். இன்று அங்கே இரும்புச் சந்தை.

இந்த ஒற்று எல்லா இடத்திலும் வராது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மனிதரைக் குறிக்கும் உயர்திணைப் பெயர் “ர்” என்று முடிந்தால் பின்வரும் வல்லினம் இயல்பாக நிற்கும் என்பது நன்னூல் விதி. தொழிலாளர் சங்கம், மகளிர் கல்லூரி, மீனவர் குப்பம், காமராஜர் துறைமுகம். எதிலும் ஒற்று இல்லை. எண்ணூர்த் துறைமுகத்துக்குக் காமராஜர் பெயரைச் சூட்டியபோது ஊர்ப் பெயருக்குப் பின் வந்த “த்” தானாகவே விழுந்துவிட்டது. எண்ணூர் அஃறிணை, காமராஜர் உயர்திணை. 1918-இல் பெரம்பூரில் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோர் முன்னின்று தொடங்கிய தொழிற்சங்கத்தின் பெயரிலேயே இரண்டு விதிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சென்னைத் தொழிலாளர் சங்கம். சென்னைக்குப் பின் “த்” வரும். தொழிலாளருக்குப் பின் “ச்” வராது.

ராயபுரத்துக்கே திரும்பினால் இன்னும் பெரிய சான்று கிடைக்கிறது. 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் பிறந்த கட்சியின் பெயரையும், அது பிரிந்து வந்த தாய் இயக்கத்தின் பெயரையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கலாம். திராவிடர் கழகம், திராவிட முன்னேற்றக் கழகம். முதலாவதில் “க்” இல்லை, இரண்டாவதில் உண்டு. தலைப்பெயரில் “ர்” இருந்தபோது அது மக்களுடைய கழகம். “ர்” போனதும் அது நிலத்தை நோக்கிய பெயராயிற்று. அந்த ஓரெழுத்து வேறுபாட்டைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். சந்தி இலக்கணம் அரசியலுக்குள் இவ்வளவு தூரம் போன இடம் வேறில்லை.

ஆக, தண்டையார் உயர்திணை. அவருக்குப் பின் “ப்” தேவையில்லை. வியாசர்பாடிக்கும் அதே நியாயம். கொருக்குப்பேட்டையில் “கொருக்கு” வன்றொடர்க் குற்றியலுகரம், அதற்குப் பின் வல்லினம் மிகுந்தே தீரும். வண்ணாரப்பேட்டைதான் வேடிக்கையானது. வண்ணாரும் உயர்திணைதான், ஆனாலும் நடுவில் ஓர் “அ”வும் ஒரு “ப்”பும் வந்திருக்கின்றன. உயர்திணைப் பெயர்கள் சில விகாரப்படும் என்று நன்னூலே ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. குமரன் கோட்டம் காஞ்சியில் குமரக்கோட்டம் ஆனது அந்த வழியில். கம்பெனிக் காலத்துத் துணிகளை வெளுத்தவர்களின் குடியிருப்பு அந்தச் சன்னல் வழியாக உள்ளே வந்தது. இதே ஊரை ஆங்கிலத்தில் எழுதியவர்களோ “வாஷர்மன்பேட்” என்று ஒருமையில் முடித்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வாழ்ந்த பேட்டை, ஒரே ஒருவருக்குச் சொந்தமானது போல!

உடைமையில் திணை பார்க்கும் பழக்கத்தைத் தமிழ் இன்னும் தொலைவுக்குக் கொண்டு போகிறது. “எனது” என்பதில் உள்ள “அது” அஃறிணை ஒருமைக்கு உரியது என்பார்கள் பழைய இலக்கணக்காரர்கள். எனது கை சரி, எனது நண்பர் தவறு. நண்பர் உயர்திணை, ஆகவே “என் நண்பர்” என்றே எழுத வேண்டும். தேர்தல் காலத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் “எங்களது தலைவர்” என்று தொங்கும் ஃபிளெக்ஸ்கள் எல்லாம் இந்தக் கணக்கில் தலைவரை அஃறிணையாக்கிவிடுகின்றன. விதி மெய்தான். ஆனால் இன்று அதைப் பிடித்துக்கொண்டு யாரையும் குட்டுவது பயனற்ற வேலை. கருணாநிதி காலத்து மேடைப் பேச்சிலிருந்து இன்றைய நாளிதழ் வரைக்கும் “எனது” எல்லாத் திணைக்கும் பரவியாயிற்று. ஆங்கிலத்திலும் இதே நிலைமைதான். குறியைக் காக்கப் புறப்பட்டவர்களின் கதையைப் பார்த்தால் தெரியும்.

அப்பாஸ்ட்ரபி ஆங்கிலத்துக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு அச்சகங்கள் வழியாக. விழுந்த எழுத்துக்கு அடையாளமாக மட்டுமே அது முதலில் பயன்பட்டது. பழைய ஆங்கிலத்தில் உடைமை விகுதிக்கு நடுவே ஓர் உயிரெழுத்து இருந்தது. அது உச்சரிப்பில் தேய்ந்தபோது, தேய்ந்த இடத்தில் குறியை வைத்தார்கள். பன்மைப் பெயருக்குப் பின்னால் குறி வரும் வழக்கம் உறுதிப்பட இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆதிகாலந்தொட்டு வரும் தெய்வ விதி என்று ஆசிரியர்கள் மிரட்டுவது உண்மையில் அச்சுக்கோப்பவர்களின் பழக்கம்.

2001-இல் இங்கிலாந்தின் பாஸ்டன் நகரில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் இந்தக் குறிக்கென்றே ஒரு பாதுகாப்புச் சங்கம் வைத்தார். கடைக்காரர்களுக்குப் பணிவான கடிதங்கள் எழுதினார். 2019-இல், 96 வயதில், சோம்பலும் அறியாமையும் வென்றுவிட்டன என்று சொல்லிச் சங்கத்தை மூடினார். அமெரிக்கா அவருக்கு முன்பே கைவிட்டிருந்தது. 1890-இல் அமைந்த அமெரிக்க இடப்பெயர் வாரியம் ஊர்ப் பெயர்களில் உடைமைக் குறியை ஏற்பதில்லை. இதுவரை ஐந்தே ஐந்து விலக்குகள்தான் கொடுத்திருக்கிறது. முதலாவது 1933-இல் மார்த்தா’ஸ் வின்யார்ட் தீவுக்கு. ஓர் இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அது தனியாள் சொத்து அல்ல என்பது வாரியத்தின் வாதம். லண்டன் சுரங்க ரயிலில் பிக்காடிலி தடத்தில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள்: ஏர்ல்’ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. வண்ணாரப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை.

ஜெர்மனியில் கதை தலைகீழ். அந்த மொழியில் உடைமைக்கு அப்பாஸ்ட்ரபி பொதுவாகக் கிடையாது. ஆங்கிலப் பாதிப்பில் கடைக்காரர்கள் வைக்கத் தொடங்கியதும் “முட்டாள் அப்பாஸ்ட்ரபி” என்று கேலி செய்தார்கள். கடைசியில் 2024-இல் அங்குள்ள எழுத்திலக்கண மன்றம், கடைப் பெயர்களில் அதை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கிவந்தது.

வடசென்னைக் கடைப் பலகைகளிலும் அந்தக் குறி அலங்காரமாக ஏறியிருக்கிறது. “டிபன்’ஸ்”, “மொபைல்’ஸ்”, “அண்ட் சன்’ஸ்” என்று ஆங்கில எழுத்தில் எழுதிய பலகை இல்லாத தெரு அபூர்வம். கடைக்காரர் சொல்ல நினைத்தது பன்மை. குறி வந்ததும் அது உடைமை ஆகிவிடுகிறது. மகன்கள் சேர்ந்து நடத்தும் கடை “மகனுடைய” என்று பாதியில் நின்றுவிடுகிறது. ஆங்கிலேயர்களே இதற்குக் காய்கறிக்கடை அப்பாஸ்ட்ரபி என்று பெயர் வைத்திருப்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்மைக்குக் குறி வேண்டாம் என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் முக்கால்வாசிப் பிழை போய்விடும். மிச்சக் கால்வாசி, குறியை “ஸ்”ஸுக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது. தொழிலாளர் சங்கம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது குறி முன்னால் விழுந்தால் ஒரே ஒரு தொழிலாளியின் சங்கம், பின்னால் விழுந்தால் எல்லாருடைய சங்கம். துறைமுகத் தொழிலாளர்கள் இந்த விஷயத்தில் குறியின் இடத்தைக் கவனிக்க நியாயமுண்டு. மகளிர் கல்லூரிக்கு மட்டும் எதிர்ப்பக்கம். ஆங்கிலத்தில் “விமன்” ஏற்கெனவே பன்மை என்பதால் குறி “ஸ்”ஸுக்கு முன்னாலேயே வர வேண்டும்.

“ஸ்” என்றே முடியும் பெயர்களிடம் ஆங்கிலேயர்களும் தோற்றவர்கள். பரங்கிமலை ரயில் நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் செயின்ட் தாமஸுக்குக் குறியும் இல்லை, கூடுதல் “ஸ்”ஸும் இல்லை. எது சரி என்ற சண்டையைத் தவிர்க்க அதுவே சுலபமான வழி. 2006-இல் கன்சாஸ் மாநிலம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளே இரண்டுபட்டார்கள். தாமஸ் என்ற நீதிபதி எழுதிய தீர்ப்பில் கன்சாஸுக்குப் பின் வெறும் குறி. சூட்டர் என்ற நீதிபதியின் மாறுபட்ட தீர்ப்பில் குறியும் இன்னொரு “ஸ்”ஸும். 2024-இல் கமலா ஹாரிஸ் அதிபர் தேர்தலில் நின்றபோது அதே சண்டை செய்தியறைகளில் மறுபடி எழுந்தது. அசோசியேட்டட் பிரஸ் வெறும் குறியோடு நிறுத்தியது, நியூயார்க் டைம்ஸ் இன்னொரு “ஸ்” சேர்த்தது. அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காக அர்ச்சனை செய்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. “ஹாரிஸின்” என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் பெயருக்குள்ளேயே குறி பதிந்துகிடந்தால் அது வேறு விஷயம். ராயபுரத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும், முத்துக்குளித்துறையிலிருந்து துறைமுக வேலைக்கும் கப்பல் வேலைக்கும் வந்த பரதவக் குடும்பங்களிலும் டி’சூசா, டி’குரூஸ், டி’மெல்லோ என்ற பெயர்கள் சாதாரணம். அங்கே அந்தக் குறி உதிர்ந்த உயிரெழுத்தின் இடம், அப்பாஸ்ட்ரபியின் முதல் வேலையே அதுதான். போர்ச்சுக்கீசிய மொழியில் அந்த “டி” உடைமையைக் குறிக்கும். குரூஸ் என்றால் சிலுவை. டி’குரூஸ் என்ற பெயரே “சிலுவையின்” என்பதன் போர்ச்சுக்கீசிய வடிவம். “கொற்கை” நாவலுக்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர் ஆங்கிலத்தில் குறியோடும், தமிழில் ஜோ டி குருஸ் என்று இடைவெளியோடும் எழுதப்படுகிறார். இரண்டும் சரி. பெயர்க்காரர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுவதுதான் மரியாதை. ஆழ்வார்ப்பேட்டையில் ஜான் டி மான்ட்டி என்ற போர்ச்சுக்கீசிய வணிகரின் சொத்து, பேய்ச் சினிமாப் புண்ணியத்தில் டிமான்ட்டி காலனியாக ஒட்டிக்கொண்டது. அந்த “டி” ஓர் உடைமைச் சொல் என்பது பேய்க்கும் தெரியாது.

அவதி தொடங்குவது கணினியில். பல தரவுத்தளங்களின் கட்டளை மொழியில் அந்த ஒற்றைக் குறி சொற்றொடரின் எல்லைக் கல். சரியாக எழுதப்படாத மென்பொருளில் டி’சூசா என்று தட்டினால் “டி”யோடு பெயர் முடிந்துவிட்டதாக இயந்திரம் நினைக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் அப்பாஸ்ட்ரபியை விட்டுவிட்டு எழுத்துகளைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது சர்வதேசச் சிவில் விமான அமைப்பின் விதி. ஆகவே பள்ளிச் சான்றிதழில் குறியோடு, பாஸ்போர்ட்டில் குறியில்லாமல், வங்கிக் கணக்கில் இடைவெளியோடு என்று ஒரே ஆள் மூன்று ஆட்களாகிறார். பெயரின் முன்னால் ஒற்றை எழுத்தும் புள்ளியும் வைத்துக்கொள்ளும் தமிழர்களுக்கும் இதே அவதிதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்தே எழுத வேண்டும். அப்பா பெயர் மகனின் குடும்பப் பெயராகி, துபாய் அலுவலகத்தில் மகனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யோசித்தால் அந்தத் தலைப்பெழுத்துப் புள்ளியும் ஓர் உடைமைக் குறிதான்: இன்னாருடைய பிள்ளை.

தமிழுக்குப் புள்ளி எவ்வளவு முக்கியம் என்பதை ஓலைச்சுவடிக் காலம் காட்டியிருக்கிறது. ஓலை கிழிந்துவிடும் என்ற பயத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். படிப்பவர் ஊகித்துப் படிக்க வேண்டும். இன்று ஃபிளெக்ஸ் கிழியாது, ஆனாலும் முதலில் விழுவது புள்ளியும் ஒற்றும்தான். காசிமேட்டில் “மீன்பிடி துறைமுகம்” என்று “த்” இல்லாமல் அச்சிட்ட பலகை கண்ணில் பட்டால், அதை எழுதியவர் எதையும் அழிக்க நினைத்தவர் அல்லர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தின் அறிவிப்பில் இரண்டு ஒற்றுகள் வர வேண்டும், ஒன்றாவது வந்தால் மகிழ்ச்சி.

பழைய தட்டச்சு வரிசையிலும் பாமினி எழுத்துருவிலும் புள்ளி உட்கார்ந்திருப்பது ஆங்கில அரைப்புள்ளியின் விசையில், வலது சுண்டுவிரலுக்கு அடியில். அதற்கு அடுத்த விசைதான் அப்பாஸ்ட்ரபி. ராயபுரம் பக்கம் பலகை அடிக்கக் கொடுப்பவர்கள் வடிவமைப்பாளருக்கு வாயால் சொல்லாமல், பெயரை ஒரு தாளில் புள்ளி சகிதம் எழுதிக் கொடுக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் திரையில் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். ஊர்ப் பெயராக இருந்தால் பழைய பலகையில் உள்ளபடியே விட்டுவிடட்டும். தண்டையார்பேட்டைப் பலகையில் திருத்த ஒன்றும் இல்லை.